ஒரே புத்தகம், இரண்டு தீர்ப்பு: தேயிலைத் தோட்டத்தில் ஒரு வாசிப்புப் பாடம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தொழிலாளர்கள் தேயிலை வரிசையின் இருபுறமும் நின்று, ஓர் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கிறார்கள். அது செடியின் மேற்பரப்பை ஒரே மட்டத்தில் வெட்டிக்கொண்டே போகிறது. வெட்டிய இலை பின்னால் தொங்கும் பையில் சேர்கிறது.

வேடிக்கை பார்ப்பவர்களில் ஒருவர், "நல்லவேளை, வேலை சுலபமாகிவிட்டது" என்பார். இன்னொருவர், "பாட்டி காலத்துக் கைப்பக்குவம் போய்விட்டதே" என்பார். பார்த்தது ஒன்றுதான், தீர்ப்பு இரண்டு.

தொழில்நுட்பத்தையும் மனித அறிவையும் பற்றிய புத்தகங்களை வாசிப்பவர்களிடமும் இதுவே நடக்கிறது. ஏன்?

பழைய சண்டை

இந்த விவாதம் கணினியோடு தொடங்கியதல்ல. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதிய ‘ஃபீட்ரஸ்’ நூலில் ஒரு கதை வருகிறது. எழுத்து என்னும் புதிய கண்டுபிடிப்பை ஒரு தெய்வம் எகிப்திய அரசனிடம் கொண்டுவருகிறது. அரசனோ, எழுத்து வந்தால் மக்களின் நினைவாற்றல் குன்றிவிடும் என்று அஞ்சுகிறான். எழுத்துக்கு எதிரான இந்த வாதம் நமக்குக் கிடைத்திருப்பது எழுத்தினால்தான் என்பதைக் கவனியுங்கள்.

வாசகரின் மனம் என்ன செய்கிறது?

1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்கள், எதிர்த்த 24 மாணவர்கள் என மொத்தம் 48 பேர் கலந்துகொண்டனர். இரண்டு ஆய்வு அறிக்கைகள் அவர்களுக்குத் தரப்பட்டன. தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது ஒன்று. குறைக்கவில்லை என்றது மற்றொன்று.

இருபக்கத்தையும் வாசித்தபின் கருத்துகள் நெருங்கி வந்திருக்க வேண்டுமல்லவா? நேர்மாறாக, தங்கள் கருத்தில் முன்பைவிட உறுதியாகிவிட்டதாக இரு அணியினருமே சொன்னார்கள். தமக்குப் பிடித்த அறிக்கையை ‘நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வு’ என்றார்கள். பிடிக்காததில் மட்டும் குறைகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தார்கள். இதை உளவியலில் ‘உறுதிப்படுத்தும் சார்பு’ என்பார்கள்.

இதற்கு மருந்து உண்டா? 1984-இல் வெளியான அடுத்த ஆய்வு அதைத் தேடியது. "நடுநிலையாக இருங்கள்" என்று சொல்லிப் பார்த்தார்கள், பயனில்லை. வேறொரு குழுவிடம், "இதே ஆய்வு எதிரான முடிவைத் தந்திருந்தாலும் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சார்பு குறைந்தது!

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் மலையேறுவோம்.

முதல் கட்டம்: கொழுந்து

கேமரன் மலையின் போ தேயிலை நிறுவனத்தை ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கினார். இந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் பலர். இன்று அந்த வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

நல்ல தேநீருக்கு மொட்டும் அதையடுத்த இரண்டு இளம் இலைகளும் வேண்டும். பழகிய விரல் தண்டைத் தொட்டதுமே இளசா முற்றலா என்று அறிந்துவிடும். இயந்திரத்துக்கு அது தெரியாது. ஒரே உயரத்தில் வெட்டும்போது முற்றிய இலையும் காம்பும் கலந்து வரும்.

‘கைதான் உயர்ந்தது’ என்று முடிவு கட்டலாமா? கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அந்தக் கைக்கு உரியவர் வெயிலிலும் மழையிலும் கூடை சுமந்து, வழுக்கும் சரிவில், அட்டைக்கடியோடு நாள் முழுதும் நின்றவர். கையால் பறிப்பதைவிட இயந்திரம் பல மடங்கு இலையை விரைவாகத் தருகிறது. உடல் வலியையும் குறைக்கிறது. ஆனால் மிகச் செங்குத்தான சரிவில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது கடினம். அங்கே இன்னும் கைதான்.

இரண்டாம் கட்டம்: தொழிற்சாலை

பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அதை முதலில் பல மணி நேரம் காற்றில் வாட்டுவார்கள். பிறகு இயந்திரம் இலையை உருட்டிக் கசக்கும். அப்போது செல்கள் உடைந்து, இலையிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி கேட்டசின் என்ற பொருள்களோடு கலக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, தியாஃப்ளேவின், தியாரூபிஜின் ஆகியவை உருவாகின்றன. கறுப்புத் தேநீரின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் இவற்றிலிருந்து வருபவை. சரியான நேரத்தில் சூடான காற்றைச் செலுத்தினால் நொதி செயலிழந்து, மாற்றம் நின்றுவிடும்.

அந்தச் ‘சரியான நேரம்’ எது? வெப்பமானியும் ஈரப்பதமானியும் எண்களைத் தரும். ஆனால் மழை நாள் இலையும் வெயில் நாள் இலையும் ஒன்றல்ல. அதனால் அனுபவசாலி வாடிய இலையை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பார். பச்சை வாசனை மாறிப் பழவாசனை வருகிறதா, இலை செம்பு நிறத்துக்கு வந்துவிட்டதா என்று மூக்காலும் கண்ணாலும் சோதிப்பார்.

‘பார்த்தீர்களா, மனிதன்தான் வென்றான்!’ என்று தோன்றுகிறதா? மறுபடியும் திருப்பிப் போடுங்கள். சளி பிடித்த நாளில் அவர் மூக்கு என்ன செய்யும்? நள்ளிரவில் களைத்த கண் என்ன சொல்லும்? அப்போது கைகொடுப்பது கருவிதான்.

மூன்றாம் கட்டம்: சுவைப்பவர்

தேயிலையின் தரத்தைக் கடைசியில் நாக்கும் மூக்கும்தான் சொல்லவேண்டும். சுவைப்பவர் தேநீரைச் ‘சர்’ரென்று உறிஞ்சுவார். அப்போது அது சிறு துளிகளாகச் சிதறி, அதன் மணம் தொண்டை வழியாக மூக்கை எட்டும்.

ஆனால் ஒருவர் கடுமையாகவும் மற்றவர் லேசாகவும் வடித்தால் எப்படி ஒப்பிடுவது? இதற்காகவே 1980-இல் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரவிதி வெளியானது. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். தராசும் கடிகாரமும் இங்கே நாக்குக்குப் போட்டியாக வரவில்லை. நாக்கின் தீர்ப்பை நம்பத்தக்கதாக ஆக்குகின்றன.

ஆகவே, ‘இயந்திரமா, மனிதனா?’ என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கேட்கும் புத்தகம் கையில் கிடைத்தால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். எந்தக் கட்டத்தில் எது உதவுகிறது, யாருக்கு உதவுகிறது, எதை இழக்கிறோம் என்று கேளுங்கள். நூலாசிரியர் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லும் பக்கத்தில் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

இன்னொன்றும் உண்டு. தண்டைத் தொட்டே இளசை அறிந்த விரல்களின் அறிவு பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. ‘சாதாரணக் கூலி வேலை’ என்ற பெயரோடு அது மறைந்துவருகிறது. உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், கொழுந்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுத்தும் ஒரு தொழில்நுட்பம்தானே!

செய்து பாருங்கள்

ஓர் ஆப்பிளை மூன்று துண்டுகளாக நறுக்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதன் மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். மூன்றாவதைப் பெரியவர் துணையோடு கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள். அரை மணி கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். தேயிலையில் வேலை செய்யும் அதே வகை நொதிதான் ஆப்பிளையும் பழுப்பாக்குகிறது. எந்தத் துண்டு பழுக்கும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். உங்கள் கணிப்பு தவறினால், அதையும் அழிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.