உறக்கத்தில் பல் கடிப்போர் கவனத்திற்கு

பிள்ளைகள் உறக்கத்தில் நறநறவெனப் பல் கடித்தால் பூச்சித் தொல்லை என்பது தோட்டப்புறத்துப் பேச்சு. வயது வந்தோருக்கோ மனக்கவலையும் உறக்கக் கோளாறும் அதற்குக் காரணமாகலாம். காலையில் தாடை வலி, தேய்ந்த பற்கள் அதன் அடையாளங்கள்.

குனோங் ராபாட்டில் இருப்போர், ஈப்போ மருந்துக் கடைகளில் வெந்நீரில் இட்டுக் கடித்துப் பதிக்கும் மென்கவசத்தை மலிவென்று வாங்குவதுண்டு. சிலர் அதை இன்னும் பலமாக மெல்லத் தொடங்கிவிடுவர்! பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக் கவசம் ஒரு வரிசைப் பற்கள் முழுவதையும் மூடும். விலை கூடினாலும் அதுவே மேல் என்பேன். முன்பற்களை மட்டும் மூடுவதை நெடுநாள் அணிந்தால் இரு வரிசைப் பற்களும் சேரும் விதமே மாறிவிடலாம்.

கவசம் பல்லைக் காக்குமே ஒழிய, கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. உரத்த குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். சிலருக்குக் கவசம் அத்தடையைக் கூட்டிவிடலாம். கழுவுவது குளிர்ந்த நீரில்தான். வெந்நீர் பட்டால் வளையும்.