சாரலுக்கு முன் தயாராகட்டும் வீட்டுப் புல்தரை!

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, மார்ச், ஏப்ரலில் புல்தரை போடுபவர்கள் உண்டு. குளிர் தேசங்களில் பனி விலகி புல் துளிர்க்கும் வசந்த காலம் அது. ஆனால் தென்காசிக்கு அருகே உள்ள ஆய்க்குடியில் அதே பங்குனி, சித்திரை கடும் வெயில் காலம். அப்போது நட்டால் புல்லும் கருகும், தண்ணீரும் வீணாகும். இந்தப் பக்கத்துக்கு வசந்தம் என்றால், ஜூனில் தொடங்கும் குற்றாலச் சாரல்தான்.

சித்திரை: கொத்திப் போடுங்கள்

'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்பார்கள். கோடை உழவு வயலுக்கு மட்டுமல்ல, வீட்டு வாசலுக்கும் பொருந்தும். முக்கால் அடி ஆழத்துக்கு மம்பட்டியால் கொத்தி, மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிடுங்கள். புல்தரையின் முதல் எதிரி கோரை. மேலே அறுத்தால் மீண்டும் முளைக்கும். கிழங்கோடு பொறுக்கி எடுத்தால்தான் ஒழியும். கட்டட வேலையில் விழுந்த சிமென்ட் கட்டி, செங்கல் துண்டுகளையும் அப்போதே அகற்றிவிடுங்கள்.

வைகாசி: உரமும் மட்டமும்

நன்கு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து சமன் செய்யுங்கள். மக்காத சாணத்தோடு களை விதைகளும் சேர்ந்து வந்துவிடும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்காது.

ஆனி: நடவு

நல்ல வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல் போதும். கணுக்கள் உள்ள தண்டுகளை அரை அடி இடைவெளியில் ஊன்றி, மண்ணை அழுத்திவிடுங்கள். மர நிழல் இருந்தால் பஃபலோ புல் தாங்கும். கொரியன் புல் மெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் படரும்.

சாரல் அடிக்கிறதே என்று தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். இங்கே தூறலைவிடக் காற்றுதான் அதிகம். மேல்மண் நனைந்திருக்கும், அடிமண் காய்ந்திருக்கும். விரலை விட்டுப் பார்த்துத் தெளியுங்கள். புல் வளர்ந்ததும், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள்.

எவ்வளவு பெரிதாக?

இதுதான் முக்கியமான கேள்வி. 100 சதுர அடிக்கு வாரம் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 230 லிட்டர். அதாவது 15 குடம்! கோடையில் குடிதண்ணீருக்கே காத்திருக்கும் தெருவில் இது சின்னக் கணக்கில்லை. எனவே குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் அளவுக்கு மட்டும் புல் போட்டு, மீதி இடத்தில் மரம், செடி வையுங்கள். பாத்திரம், சோப்பு கலக்காமல் அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைப் புல்லுக்கு விடலாம்.

அடுத்த கோடையில் அருகம்புல் பழுப்பேறினால் பதற வேண்டாம். மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு இருக்கும். 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி' என்று மணமக்களை வாழ்த்துவது சும்மாவா? மறுபடி சாரல் விழுந்ததும் தானாகத் துளிர்த்துவிடும்.