உவரிக் கடற்கரையில் இரு முக்கோணங்கள்

வடிவ கணிதம் என்றதும் முகம் சுளிப்போர் நம்மில் பலர். 'ப-ப-ப', 'ப-கோ-ப', 'கோ-ப-கோ' என்று நாங்களும் கிளிப்பிள்ளைகளைப் போல் ஒப்பித்தவர்களே. அவற்றின் பயனை உவரிக் கடற்கரைதான் எங்களுக்கு உணர்த்தியது.

ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்துபவை சர்வசம முக்கோணங்கள். இதை அறிய ஆறு உறுப்புகளையும் அளக்க வேண்டியதில்லை. தகுந்த மூன்று போதும். 'தகுந்த' என்பதைக் கவனியுங்கள். மூன்று கோணங்கள் மட்டும் சமமானால் உருவம் ஒக்கும், அளவு ஒவ்வாது. 30° கோணம், அதை ஒட்டி 8 செ.மீ. பக்கம், கோணத்திற்கு எதிரே 5 செ.மீ. பக்கம் என வரைந்து பாருங்கள். இரு வேறு முக்கோணங்கள் கிடைக்கும்!

ஒரு மாலை, நங்கூரமிட்டிருந்த வள்ளம் ஒன்றின் தொலைவை நீரில் இறங்காமலே அளக்க முயன்றோம். வள்ளத்திற்கு நேர் எதிரே கரையில் ஒரு குச்சி நட்டோம். கரையோரமாக 30 அடி எடுத்து வைத்து இரண்டாம் குச்சி. மேலும் 30 அடி வைத்து மூன்றாம் குச்சி. அங்கிருந்து செங்கோணமாக ஊர்ப்பக்கம் நடந்தோம். இரண்டாம் குச்சியும் வள்ளமும் ஒரே நேர்கோட்டில் தெரிந்த இடத்தில் நின்றோம். 62 அடிகள்!

கரையிலுள்ள இரு பக்கங்களும் சமம். இரு முனைகளிலும் செங்கோணம். நடுக்குச்சியில் குத்தெதிர்க் கோணங்கள் சமம். எனவே கோ-ப-கோ விதிப்படி இரு முக்கோணங்களும் சர்வசமம். நாங்கள் மணலில் நடந்த தூரமே கடலில் வள்ளத்தின் தூரம்.

வள்ளத்தில் இருந்தவர் எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை. அவர் கயிற்றை வீச, முதல் குச்சிவரை இழுத்துப் பிடித்து, பின் மணலில் கிடத்தி அளந்தோம், 60 அடிகள். விதி பிழைக்கவில்லை, வள்ளம் அசைந்தது, எங்கள் செங்கோணமும் சற்றே சாய்ந்தது. "கரையில நின்னே என்னை அளந்துட்டீங்களே, மக்களே!" என்று அவர் சிரித்தார்.

கிரேக்க அறிஞர் தேலிஸ் கப்பலின் தொலைவை இத்தேற்றத்தால் கண்டார் என்பது பண்டையோர் கூற்று. நம் நாட்டில் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் உறுதியாகிவிடும். அதன் பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடு. இவ்வாறு முக்கோணங்களைக் கோத்தே குமரிமுனைவரை நிலம் அளக்கப்பட்டது.

தோழிகளே! விதியை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் கடலுக்குச் சென்ற தந்தையின் வள்ளம் எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று கரையில் நின்றே அறிந்த மகளுக்கு, அந்த விதி இனி என்றும் மறக்காது.