அம்புப் பலகையின் முன் அனைவரும் சமம்

ஓட்டம், நீச்சல், பளுதூக்குதல் முதலிய விளையாட்டுகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே போட்டியிடுகின்றனர். உடல் வலிமையும் உயரமும் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பதால், அவ்வாறு பிரிப்பதில் நியாயம் உண்டு. ஆனால், ஏறத்தாழ இருபது கிராம் எடையுள்ள சிறிய அம்பைப் பலகையில் எறியும் விளையாட்டிலும் இந்தப் பிரிவு தேவையா? பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வந்த இக்கேள்விக்கு, 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபாலன் ஷெராக் தம் கைத்திறனால் விடையளித்தார்.

‘டார்ட்ஸ்’ எனப்படும் அம்பெறிதல் பார்ப்பதற்கு மிக எளிய விளையாட்டு. பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆட்டக்காரர் பலகையிலிருந்து 2.37 மீட்டர் தொலைவில் வரையப்பட்ட கோட்டின் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் மூன்று அம்புகளை எறிவார். ஒவ்வொருவரும் 501 புள்ளிகளுடன் தொடங்குவர். எறிந்து பெறும் புள்ளிகளை அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்து, முதலில் சுழியத்தை அடைபவர் வெற்றி பெறுவார். இதனை ஒரு ‘லெக்’ என்பர். மூன்று லெக்குகளை முதலில் வெல்பவருக்கு ஒரு ‘செட்’ கிடைக்கும்.

எளிமையாகத் தோன்றும் இவ்விளையாட்டின் கடுமை பலகையின் அமைப்பில் அடங்கியுள்ளது. பலகையில் 1 முதல் 20 வரையிலான எண்கள் வரிசையாக அமைவதில்லை. மிகப் பெரிய எண்ணான 20க்கு ஒருபுறம் 1, மறுபுறம் 5. பேராசையோடு குறிவைத்துக் கை சற்றே பிசகினால், கிடைப்பது மிகச் சிறிய எண்தான். மேலும், இறுதி அம்பு பலகையின் விளிம்பிலுள்ள இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோ பாய்ந்தால்தான் ஆட்டம் முடியும். அந்த வளையத்தின் அகலம் வெறும் 8 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரலின் அகலத்தைவிடக் குறைவு. ஆகவே, இவ்விளையாட்டுக்குத் தோள் வலிமையைவிடத் தேவைப்படுபவை நடுங்காத கை, விரைவான மனக்கணக்கு, பதறாத மனம் ஆகிய மூன்றுமே.

இவை ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இருப்பினும், அம்பெறிதல் இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் ஆண்களின் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் இருந்தாலும், அவற்றின் பரிசுத்தொகையும் தொலைக்காட்சி நேரமும் குறைவு. முழுநேரம் ஆடிப் பிழைக்க இயலாததால், பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தனர்.

அவர்களுள் ஒருவர்தாம் ஃபாலன். 1994ஆம் ஆண்டு பிறந்த அவர், மில்டன் கீன்ஸ் நகரைச் சேர்ந்தவர். சிகையலங்காரத் தொழில் செய்தவர். அவருடைய இரட்டைச் சகோதரியும் அம்பெறிதல் வீராங்கனையே. 2015ஆம் ஆண்டு நடைபெற்ற பெண்கள் உலகப் போட்டியில் ஃபாலன் இறுதியாட்டம் வரை முன்னேறி, லிசா ஆஷ்டனிடம் தோல்வியுற்றார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்.

ஆட்டத்தில் ஏற்பட்ட தோல்வியைவிடப் பெரிய சோதனை அவர் உடலில் ஏற்பட்டது. மகன் பிறந்த பிறகு சிறுநீரக நோய் அவரை வாட்டியது. நோய்க்காக உட்கொண்ட மருந்தினால் முகம் வீங்கியது. அவர் ஆடுவதைத் தொலைக்காட்சியில் கண்ட சிலர், காரணம் அறியாமல் இணையத்தில் அவருடைய தோற்றத்தைக் கேலி செய்தனர். உடல்நோவோடு மனநோவும் சேர்ந்துகொண்டது. ஆயினும், அவர் அம்பைக் கீழே வைத்துவிடவில்லை.

ஆண், பெண் இருபாலரும் பங்கேற்கக்கூடிய தொழில்முறை உலகப் போட்டி ஆண்டுதோறும் இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில் நடைபெறுகிறது. விதி பெண்களைத் தடுக்கவில்லை. ஆனால், நடைமுறையில் அங்கு அவர்களைக் காண்பது அரிது. 2001ஆம் ஆண்டுக்கான போட்டியில் பங்கேற்ற கனடாவின் கேல் கிங், இத்தொடரில் ஆடிய முதல் பெண்மணி என்னும் பெருமையைப் பெற்றார். 2018ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய போட்டியிலிருந்து, தகுதிச் சுற்றுகளின் வழி பெண்களுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும், ஆட வந்த பெண்களுள் ஒருவரும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2019 டிசம்பரில் ஜப்பானின் மிக்குரு சுசுக்கி 2-3 என்ற கணக்கில் நூலிழையில் வெற்றியை நழுவவிட்டார்.

அடுத்து வந்தவர் ஃபாலன். டிசம்பர் 17ஆம் நாள் அவர் டெட் எவட்ஸ் என்னும் இளம் வீரரை எதிர்கொண்டார். இருவரும் தலா இரண்டு செட்டுகளை வென்றதால், ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குச் சென்றது. அரங்கமே ஃபாலனின் பெயரைச் சொல்லி முழங்கியது. அந்த ஆரவாரத்துக்கிடையே அவர் எறிந்த அம்பு, 18இன் இரட்டை வளையத்தில் பாய்ந்து நின்றது. அத்தொடரின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண் வெற்றி பெற்றார்.

‘குருட்டு அதிர்ஷ்டம்’ எனச் சிலர் எண்ணியிருக்கலாம். நான்கே நாளில் அதற்கும் விடை கிடைத்தது. இரண்டாம் சுற்றில், தரவரிசையில் 11ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த ஆஸ்திரியாவின் மென்சூர் சுல்ஜோவிச்சை அவர் 3-1 என வீழ்த்தினார். இம்முறை வெற்றியைத் தந்த அம்பு பலகையின் நடுப்புள்ளியையே துளைத்தது. 1973ஆம் ஆண்டு ஆண் ஆட்டக்காரர் ஒருவரை டென்னிஸில் வென்று புகழ்பெற்ற பில்லி ஜீன் கிங்கும் அவரைப் பாராட்டினார். மூன்றாம் சுற்றில் கிறிஸ் டோபியிடம் ஃபாலன் தோற்றபோது, அவர் பெயர் உலகெங்கும் பரவியிருந்தது.

அதன் பிறகு வந்த ஆண்டுகள் அவருடைய திறனை மேலும் உறுதிப்படுத்தின. 2021ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் நடந்த போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று, மைக்கல் வான் கெர்வெனிடம் 7-11 எனத் தோற்றார். அதே ஆண்டு ‘கிராண்ட் ஸ்லாம்’ போட்டியில் காலிறுதியை எட்டினார். 2022ஆம் ஆண்டு பிளாக்பூல் நகரில், பெண்களுக்கென முதன்முறையாக நடத்தப்பட்ட ‘உலக மேட்ச்பிளே’ போட்டியில் நெதர்லாந்தின் அய்லீன் டி கிராஃபை 6-3 என வென்று வாகை சூடினார்.

2023ஆம் ஆண்டு ஜெர்மனியில் அவர் மற்றோர் அருஞ்செயலையும் நிகழ்த்தினார். 501 புள்ளிகளை ஒன்பதே அம்புகளில் முடிப்பது இவ்விளையாட்டின் உச்சம். பெரும்பாலும் முதல் ஆறு அம்புகளில் 360 புள்ளிகள், அடுத்த மூன்றில் 141 புள்ளிகள் என ஓர் அம்பும் பிசகாமல் எறிய வேண்டும். சிங்கப்பூரில் பிறந்த பால் லிம் 1990ஆம் ஆண்டு உலகப் போட்டியொன்றில் முதன்முதலாக இதனைச் செய்துகாட்டினார். தொழில்முறைக் கழகத்தின் போட்டியில் இதனைச் சாதித்த முதல் பெண் ஃபாலனே. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது.

எனினும், பதக்கங்களையும் விருதுகளையும்விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கான தொழில்முறைத் தொடர் தனியே நடத்தப்பட்டு வருகிறது. அதில் சிறந்து விளங்குவோர் உலகப் போட்டியில் இடம்பெறுகின்றனர். அவ்வாறு உருவானவர்தாம் போ கிரீவ்ஸ் என்னும் இளம் வீராங்கனை. 2024ஆம் ஆண்டு உலக மேட்ச்பிளே இறுதியாட்டத்தில் அவர் ஃபாலனையே தோற்கடித்தார். தாம் அகலமாக்கிய பாதையில் தம்மையும் முந்திச் செல்ல ஒருவர் வருவது, முன்னோடி ஒருவருக்குத் தோல்வி ஆகாது. அவர் பட்ட பாட்டின் பயனே ஆகும்.

ஒரு வெற்றியால் எல்லா ஏற்றத்தாழ்வும் நீங்கிவிடுவதில்லை. இன்றும் இவ்விளையாட்டில் ஆண்களின் எண்ணிக்கையே அதிகம்; பரிசுத்தொகையிலும் வேறுபாடு உண்டு. ஆனால், ‘பெண்களால் இயலாது’ என்னும் சொல்லை இனி எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. இத்தனை காலம் குறைவாக இருந்தது திறமையன்று. அதனை வெளிப்படுத்தும் வாய்ப்பே. நாம் வாழும் சூழலிலும் ‘இது உனக்கு உரியதன்று’ என்று எவரேனும் ஒதுக்கப்படும்போது, அவருக்குத் திறமை இல்லையா, அல்லது கோட்டின் முன் நிற்க இடமே தரப்படவில்லையா என்று சிந்தித்துப் பார்ப்போம். அம்புப் பலகை எறிபவர் யாரென்று கேட்பதில்லை. அம்பு எங்கே பாய்ந்தது என்பதையே காட்டுகிறது.