பதினாறில் ஒரு பாம்பு!

வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடிக்குப் போனால் எங்காவது புறாக் கூண்டு கண்ணில் படும். என் நண்பன் வீட்டு மாடியிலும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, "டேய், பாம்பு வளர்க்கலாமா?" என்றான்.

"உங்கம்மாவைக் கேட்டியா?"

"விஷம் இல்லாததுடா. ஒரு ஜோடி வாங்கிப் போட்டா வெள்ளைக் குட்டியா பொரிக்குமாம். சீட்டு எடுத்த பணம் பீரோவுல சும்மாதானே கெடக்குது..."

செல்போனில் படம் காட்டினான். ஆரஞ்சு, சாம்பல், ரோஸ்மில்க் நிறத்தில்கூட ஒன்று! எம்.சி. ரோடு கடையில் தொங்கும் ரிப்பன் மாதிரியே இருந்தது.

கார்ன் ஸ்நேக். சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துப் பிராணி. சோளக் கிடங்குக்கு எலி வரும், எலிக்காக இது வரும். நம்மூர் சாரைக்கு ஒருவகையில் சொந்தம். நாலடி நீளம், சாது. காட்டில் இருப்பதற்கு உடம்பெல்லாம் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் திட்டுகள்.

1953-ல் வடக்கு கரோலினாவில் கறுப்பே இல்லாத ஒன்று பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்பவர் (தொழில், தோல் டாக்டர்! பாம்புத் தோலையும் விடவில்லை) இந்த நிறத்தை வைத்து இனவிருத்தி செய்து பார்த்தார். அது எப்படிப் பரம்பரையாக வருகிறது என்று அவரும் மனைவியும் 1962-ல் எழுதினார்கள். வண்ணப் பாம்பு வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான். கறுப்பு ஏன் காணாமல் போனது என்பதை 2015-ல் ஜெனீவா விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஒரு ஜீனுக்குள் வேண்டாத துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

நண்பன் கேட்ட வெள்ளைக் குட்டிக்கு வருவோம். நான் பி.காம். என்பதால் பேப்பர், பேனா எடுத்துவிட்டேன்.

கறுப்பு இல்லாதது ஒன்று, சிவப்பு இல்லாதது ஒன்று. இரண்டையும் ஜோடி சேர்த்தால் குட்டிகள் வெள்ளையாக வருமா? வராது. அத்தனையும் சாதாரணக் காட்டு நிறம்! இரண்டு குறையும் உள்ளே ஒளிந்திருக்கும். அவை வளர்ந்து பருவத்துக்கு வர இரண்டு, மூன்று வருஷம். பிறகு அவற்றுக்குள் ஜோடி சேர்த்தால் 16-ல் 9 சாதாரணம், 3 கறுப்பில்லாதது, 3 சிவப்பில்லாதது, வெள்ளை ஒன்றே ஒன்று. அதுவும் சராசரிக் கணக்கு. 16 முட்டையும் பொரித்து ஒரு வெள்ளைகூட வராமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு இருக்கிறது.

"அப்போ உள்ள கலர் ஒளிஞ்சிருக்கிற பாம்பாவே வாங்கிட்டா?"

ஒளிந்திருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதே! விற்பவன் வாய்தான் கியாரண்டி. இதில் இன்னொரு கூத்து... குளிர்காலம் என்று இரண்டு மாதம் குளிரில் வைத்தால்தான் ஒழுங்காக முட்டையிடும் என்பது வளர்ப்பவர்கள் வழக்கம். வண்ணாரப்பேட்டையில் குளிர்காலம்! கரன்ட் பில்லை யார் கட்டுவது?

அடுத்து நான் கேட்டதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் வேலை செய்வது ராஜாஜி சாலைப் பக்கம், கிளியரிங் ஆபீஸில். நாள் முழுக்கப் பில் ஆஃப் என்ட்ரி போடுகிறவன்.

"இந்தப் பாம்புக்கு பில் ஆஃப் என்ட்ரி எங்கடா?"

திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. 'சைட்டீஸ்' என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும், குட்டி போட்டாலும் சொல்ல வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உண்டு. சோளப் பாம்பு இல்லை. "இதுக்கு சட்டமே கெடையாது சார்" என்று விற்பவர்கள் அடித்துவிடுவது இதை வைத்துத்தான். ஆனால் வெளிநாட்டிலிருந்து உள்ளே கொண்டுவர வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் லைசென்ஸ் வேண்டும். 2023 ஜனவரியில் நம் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் யாரும் உரிமை கொண்டாடாத பெட்டிகளில் 45 பால் பைத்தான்களும் 8 சோளப் பாம்புகளும் இருந்தன. வந்த வழியே பாங்காக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டியில் 22 பாம்பு. பெட்டியில் அடைபட்டு வந்த அந்த ஜீவன்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

சரி, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளை ஒன்று போக மீதிப் 15? ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் இப்படி வளர்த்த கலிபோர்னியா கிங் ஸ்நேக் வெளியே போய்ப் பெருகிவிட்டது. அதிலும் கணிசமானவை வெளிர் நிற வளர்ப்பு ரகம்தான்! அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகளைத் தின்று தீர்த்து வருகிறது. அரசாங்கம் ஆள் வைத்துப் பிடித்தும் ஓயவில்லை.

நண்பன் பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து போன் செய்தான்.

"பில் கேட்டேன்டா. லைனை கட் பண்ணிட்டான்."

போன வாரம் போயிருந்தேன். கொளத்தூரிலிருந்து ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வாங்கி வந்து பாட்டிலில் வைத்திருக்கிறான். ஆண் நீலம், பெண் சிவப்பு. பேப்பரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "குட்டி இன்னா கலர்ல வரும், போடு கணக்கை!" என்றான்.