பேய்மிரட்டிக்கு ஒரு பாத்தி

தேனீக்களை வரவழைக்க வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் விரும்பி வளர்ப்பது மொனார்டா. வட அமெரிக்கச் செடி; செவீல் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸின் பெயரைத் தாங்கியது. குளிரில் மேல்பகுதி பட்டுப்போகும், பிறகு வேரிலிருந்து துளிர்க்கும். ஈரமண்ணில் வளர்ந்து பழகிய அதை, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி மீதி மாதங்களை வறட்சியில் கழிக்கும் இராமநாதபுரத்தில் விதைப்பது வீண்செலவு. அதே துளசிக் குடும்பத்துப் பேய்மிரட்டி இங்கே தரிசிலும் வேலியோரத்திலும் பல ஆண்டுகள் நின்று பூக்கிறது. சதுரத் தண்டு, வெள்ளைப் பஞ்சு படர்ந்த தடித்த இலை, கதிர்கதிராக ஊதாப்பூ. பச்சை இலையைத் திரித்து எண்ணெயில் நனைத்தால் திரியாகவே எரியும். பூவின் கீழுதடு தேனீக்கு இறங்குதளம். அது தேனுக்குத் தலையை நுழைக்கும்போது மேலே நீண்டிருக்கும் மகரந்தத்தாள்கள் முதுகில் பொடியைத் தடவிவிடும்.

களையை யாராவது வளர்ப்பார்களா என்று கேட்கலாம். நாம் பாத்தி கட்டி வளர்க்காததால்தான் அது களை. சீமைக்கருவேலம் தேனீக்குத் தீனி போடுகிறதே என்பது இன்னும் வலுவான கேள்வி. போடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வெட்டி அகற்றும்படி நீதிமன்றமே உத்தரவிட்ட மரத்தை மட்டும் நம்பி எத்தனை நாள் இருப்பது? மேலும், தேன் தரும் தேனீ மட்டுமே தேனீ அல்ல. கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் உண்டு. பூவைப் பிடித்து உடலை அதிரவைத்தால்தான் பொடி கொட்டும். கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை வராது. நீலவரித் தேனீக்கும் மரம் துளைக்கும் கருவண்டுக்கும் வரும். கத்தரி பூக்காத மாதங்களிலும் இவை அக்கம்பக்கத்தில் தங்கவேண்டுமென்றால் வேறு பூ வேண்டும். துளசி போதாதா? அதுவும் இருக்கட்டும், ஒரே செடியை நம்பாமல் இருப்பதுதானே நோக்கம்.

மழைக்கு முன், புரட்டாசியில், மணலோடு மட்கிய சாணம் கலந்து மேட்டுப்பாத்தியில் பேய்மிரட்டி விதையை மேலாகத் தூவினால் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்தால் புதுக்கிளை விடும். இராமேசுவரம் தீவில் உப்புக்காற்று நேராக அடிக்கும் மணலுக்கு மட்டும் இதைவிட அடம்பங்கொடியே பொருத்தம். பாத்திக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண்ணைக் கொத்தாமல் விடவேண்டும். நீலவரித் தேனீ கூடு தோண்டுவது அங்கேதான்.