ஒரே ஃப்ளைட்... ரெண்டு சூரிய உதயம்!

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கேயும் நிற்காமல் போகும் சர்வீஸை 2018-ல் ஆரம்பித்தது குவான்டாஸ். சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரம். 'அவ்ளோ நேரம் எப்படிப்பா ஒரே ஸீட்ல உட்கார்றது?' என்று பலரும் மலைத்துப்போனார்கள்.

இதே குவான்டாஸ், இதே பெர்த்திலிருந்து 1943-ல் 32 மணி நேரம்கூட ஆளைப் பறக்கவிட்டிருக்கு பாஸ்! இத்தனைக்கும் தூரம் 5,600 கிலோமீட்டர் சொச்சம்தான். இன்றைய ஜெட்டுக்கு ஏழெட்டு மணி நேர வேலை. போய் இறங்கிய இடம் நம்ம பக்கத்து வீடு... இலங்கையில், காலிக்கு அருகே இருக்கும் கொக்கல ஏரி. ஆமா, ஏரியேதான். கேட்டலினா என்ற அந்த விமானம் தண்ணீரில் இறங்கும் ரகம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்ததும், ஆஸ்திரேலியா-இங்கிலாந்து விமானப் பாதை கட். முக்கியமான தபாலும் ஆட்களும் போயே ஆகணும். இந்தியப் பெருங்கடலை ஒரே தம்மில் தாண்டுவது என்று துணிந்தார்கள்.

கேட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சுமார். கணக்குப் போட்டுப் பாருங்க, 28 மணி நேரம் வரும். எதிர்க்காற்று அடித்து வேகம் 175-க்கு இறங்கினால்? 32 மணி நேரம்! 900-ல் பறக்கிற ஜெட்டுக்கு இந்த 25 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. இதுக்கோ அரை நாள் தூக்கம் போச்சு. அவ்வளவு நேரத்துக்கும் பெட்ரோல் சுமக்கணுமே... அதனால் குளிரைத் தடுக்கும் உறையைக்கூடக் கழற்றி எறிந்தார்கள். பயணிகள் மொத்தமே மூன்று பேர்தான். தபால் 69 கிலோ.

கிளம்பும் நேரத்தை வைப்பதில்தான் மூளை வேலை செய்திருக்கிறது. ஜப்பான் விமானங்கள் ரோந்து வரும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரம் குறித்தார்கள். ரேடியோவில் மூச்சு விடக்கூடாது. வழி காட்ட நட்சத்திரம்தான். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தது பொருத்தம். ஸ்பைகா, அன்டாரஸ், அல்டேர், வேகா, ரைஜெல். நம்ம ஊர்ப் பஞ்சாங்கத்தில் முதல் மூன்றும் சித்திரை, கேட்டை, திருவோணம்!

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்க்கலாம். பார்த்தவர்களுக்கு 'இரட்டைச் சூரிய உதய ரகசியச் சங்கம்' என்ற பெயரில் சர்டிஃபிகேட்டும் உண்டு. உறைபனிக் குளிரில் நடுங்கியதற்கு இதாவது கிடைத்ததே!

1945 வரை 271 தடவை கடலைத் தாண்டினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. விமானங்களுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவிடமிருந்து போர்க்கால ஒப்பந்தத்தில் வாங்கியவை அவை. போர் முடிந்ததும், ஒப்பந்தப்படி ஐந்தையும் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள்.